ஃப்ளெக்ஸ் இடம் உள்ள ஃபேன்டசி ஃபுட்பால் லீக்குக்கு டிராஃப்ட் ரேங்கிங் எப்படித் தயார் செய்வது?

ஃபேன்டசி என்றால், நிஜ வீரர்களை டிராஃப்டில் முறை வைத்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் களத்தில் எடுப்பதைப் புள்ளியாக்கி மோதுவது. கேள்வியில் இருக்கும் விவரம் இது: 12 பேர் ஆடும் ஆபீஸ் லீக், அரை பிபிஆர், அதாவது கேட்சுக்கு அரைப் புள்ளி. ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), 2 ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), 2 வைட் ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்), அது போக இந்தக் கடைசி மூன்றில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய ஒரு ஃப்ளெக்ஸ். "தளத்தில் வரும் ரேங்கிங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது யாருக்கோ தைத்த சட்டை.

(அமெரிக்க ஃபுட்பால், அதன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் பற்றிய பதில். மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். "விளையாட்டுக்கு எக்செல்லா?" என்று கேட்கப் போகிறவர்களும் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

முதல் வேலை, உங்கள் லீக்கின் புள்ளி விதியில் எல்லாரையும் மறுபடி கணக்கிடுவது. இது ஏன் முக்கியம் என்பதற்கு 2020 சீசனே போதும். ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி அந்த வருடம் ஓடி எடுத்தது 2,027 யார்டு, 17 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது); கேட்ச் 19 தான், அதில் 114 யார்டு. ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் 115 கேட்ச், 1,374 யார்டு, 18 டச்டவுன். 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6 என்று போடுங்கள், ஃபம்பிளுக்கான (பந்தைத் தவறவிடுவதற்கான) கழிவை விட்டுவிடுவோம். கேட்சுக்குப் புள்ளி இல்லாவிட்டால் ஹென்றி 316, ஆடம்ஸ் 245. அரைப் புள்ளி என்றால் 326க்கு 303. முழுப் புள்ளி என்றால் ஆடம்ஸ் 360, ஹென்றி 335. ஆட்டம் ஒன்றுதான், விதி மாறியதும் வரிசை தலைகீழ்.

எனவே ப்ரொஜெக்ஷனை, அதாவது வரும் சீசனுக்கான கணிப்பை, புள்ளியாக எடுக்காதீர்கள். கேட்ச், யார்டு, டச்டவுன் என்று தனித்தனியாக எடுத்து ஷீட்டில் போட்டு, உங்கள் விதியால் பெருக்குங்கள்.

அடுத்ததுதான் ஃப்ளெக்ஸ். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு வீரரின் மதிப்பு என்பது அவர் புள்ளியிலிருந்து, அதே இடத்தில் யாருக்கும் ஸ்டார்ட்டராகத் தேவைப்படாத முதல் ஆளின் புள்ளியைக் கழித்தால் வருவது. அந்த ஆளை பேஸ்லைன் என்பார்கள். "12 அணி, இரண்டு ரன்னிங் பேக், ஆக 24; 25ஆவது ஆள் பேஸ்லைன்" என்று போட்டுவிடுவார்கள். அப்படியானால் ஃப்ளெக்ஸில் நிற்கப்போகும் 12 பேர் எங்கே போனார்கள்?

சரியான வழி: முதல் 24 ரன்னிங் பேக், 24 ரிசீவர், 12 டைட் எண்டை ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருக்கும் மூன்று வகையையும் ஒரே பட்டியலாகக் கலந்து, புள்ளிப்படி அடுக்கி, மேலே உள்ள 12 பேரை எடுங்கள். அதில் எந்த வகை எத்தனை என்று எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள் இவை, எந்த சீசனுடையதும் அல்ல. அந்த 12 பேரில் 9 ரிசீவர், 3 ரன்னிங் பேக், டைட் எண்ட் யாருமில்லை என்று வருகிறது. அப்போது பேஸ்லைன் 34ஆவது ரிசீவர் (148), 28ஆவது ரன்னிங் பேக் (149), 13ஆவது டைட் எண்ட் (118). இப்போது 250 புள்ளி ரிசீவருக்கு மதிப்பு 102, 215 புள்ளி டைட் எண்டுக்கு 97, 240 புள்ளி ரன்னிங் பேக்குக்கு 91. பழைய முறையில், 25ஆவது ரிசீவர் 175, 25ஆவது ரன்னிங் பேக் 161 என்று வைத்தால், அதே மூவர் 75, 97, 79. முதலில் எடுக்க வேண்டிய ரிசீவர் கடைசிக்குப் போய்விட்டார்.

148, 149 கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. இரண்டு வகையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் பேஸ்லைன் தானாகச் சமமாகிவிடும். அதனால் ஃப்ளெக்ஸ் லீக்கில் ரன்னிங் பேக்கா ரிசீவரா என்றால் மொத்தப் புள்ளியைப் பார்த்தாலே போதும். டைட் எண்டுக்கும் குவாட்டர்பேக்குக்கும்தான் தனி பேஸ்லைன். "முதல் இரண்டு ரவுண்டும் ரன்னிங் பேக்தான்" என்று வேதம் மாதிரி சொல்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அவர்களிடம் ஒரு நியாயம் உண்டு: ரன்னிங் பேக் அதிகம் அடிபடுவார், பெஞ்சில் கூடுதலாக ஒருவர் வேண்டும். அதற்காக 28ஐ 34, 35 வரை இறக்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் காரணம் தெரிந்து இறக்குங்கள்.

"1 முதல் 3 ரன்னிங் பேக், 2 முதல் 4 ரிசீவர்" மாதிரியான லீக்குக்கும் இதே கலவைதான். குறைந்தபட்சத்தை நிரப்பிவிட்டு மிச்சத்தைக் கலக்குங்கள். ஒரு வகை உச்சவரம்பைத் தொட்டதும் அதை மூடிவிடுங்கள்.

சூப்பர்ஃப்ளெக்ஸ், அதாவது அந்த இடத்தில் குவாட்டர்பேக்கையும் நிறுத்தலாம் என்றால், கதையே வேறு. கலவைப் பட்டியலில் 12 இடத்தையும் குவாட்டர்பேக்கே தின்றுவிடும். ஆக 24 பேர் வேண்டும். என்எஃப்எல்லில் இருப்பது 32 அணி, அணிக்கு ஒரு முதன்மை குவாட்டர்பேக்தான். சில வாரங்களில் 6 அணிக்கு பை, அதாவது ஆட்டமில்லாத ஓய்வு வாரம், மிச்சம் 26. பஸ் கிளம்பும் நேரத்தில் சீட்டு தேடுகிற நிலைமை. பேஸ்லைனை 27, 28க்கு இறக்குங்கள். முதல் மூன்று ரவுண்டில் இரண்டு பேரை எடுத்துவிடுங்கள்.

மதிப்புப்படி அடுக்கிய பிறகு, பெரிய இடைவெளி விழும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் ஸ்நேக் டிராஃப்டில் 3ஆவது இடம் கிடைத்தால் அடுத்த முறை வருவது 22, நடுவில் 18 பேர் போய்விடுவார்கள். கோட்டுக்கு மேல் ரிசீவர் ஏழெட்டு பேரும் டைட் எண்ட் ஒருவரும் இருந்தால், யார் காத்திருக்க மாட்டார் என்பது பார்த்ததும் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: டிராஃப்ட் அன்று பீட்சா தின்றுவிட்டு, நாலு தோல்வியானதும் அக்டோபரோடு அணியைக் கைவிடுகிறவர்கள். பை வாரத்தில் இருக்கும் ஆளையே நிறுத்திவைத்து, எதிரில் ஆடுகிறவருக்கு இலவச வெற்றி தருகிறார்கள். லீக்கை நடத்தும் கமிஷனரிடம் சொன்னால் "விடுங்க பாஸ், ஜாலிக்குத்தானே". பணம் கட்டிய மற்ற பதினோரு பேரும் என்ன தொக்கா?

இன்னொன்று, டிராஃப்ட் முடிந்த பிறகு உதவும். வியாழக்கிழமை ஆடும் ரிசீவரை ஃப்ளெக்ஸில் போடாதீர்கள், ரிசீவர் இடத்திலேயே போடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். ஆடாதவர்கள் பட்டியல் வருவது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 90 நிமிடம் முன்னால், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டத்துக்கு 11.30க்கு. அப்போது உங்கள் ரன்னிங் பேக் இல்லை என்று தெரிந்தால், அவர் ஃப்ளெக்ஸில் இருந்தால் பெஞ்சில் இருக்கும் ரிசீவரையோ டைட் எண்டையோகூட இறக்கலாம். ஃப்ளெக்ஸ் வியாழனன்றே பூட்டிவிட்டிருந்தால் இன்னொரு ரன்னிங் பேக்கைத்தான் தேட வேண்டும்.