புட்டிக்குள் வயது ஏறுமா?

கேள்வி: வெளிநாட்டில் பணிபுரிந்த என் சித்தப்பா, ‘18 ஆண்டு’ என்று அச்சிட்ட ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த) விஸ்கி ஒன்றை 1991இல் அப்பாவுக்குப் பரிசளித்தார். திறக்கப்படாமலே நிற்கும் அந்தப் புட்டியில் அளவு தோள்வரை இறங்கியிருக்கிறது. மார்கழிக் குளிரில் கலங்கலாகவும் தெரிகிறது. இதற்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் என்று கொள்ளலாமா? என்ன விலை பெறும்? எப்படிச் சுவைப்பது?
— வாசகர், குன்னூர்

பதில்: அதன் வயது இன்றும் 18தான். ஓக் மரப் பீப்பாயில் கிடக்கும்வரைதான் விஸ்கி முதிரும். கண்ணாடிக்குள் அடைத்த அன்றே முதிர்ச்சி நின்றுவிடும். ஒரே வடிசாலையின் பல பீப்பாய்களைக் கலந்திருந்தால், அவற்றில் மிக இளையதன் வயதையே லேபிளில் இட வேண்டும்.

கலங்கலைக் கண்டு அஞ்ச வேண்டாம். புட்டியில் அடைக்குமுன் குளிரூட்டி வடிகட்டாத, 46 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் கொண்ட விஸ்கியில், கொழுப்பு அமிலங்களிலிருந்து உண்டான எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் குளிரில் திரண்டு மங்கல் காட்டுவது இயல்பு. உங்கள் மலையின் குளிர்கால இரவுக்கு அது போதும். அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் தெளிந்துவிடும்.

விலையைப் பொறுத்தவரை, செய்தித்தாள்கள் வளர்க்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. 2023இல் லண்டன் ஏலத்தில் மெக்காலன் என்ற ஸ்காட்லாந்து வடிசாலை 1926இல் வடித்த விஸ்கியின் புட்டி ஒன்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது உண்மை. ஆனால் அது 60 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து, 40 புட்டிகள் மட்டுமே அடைக்கப்பட்ட விஸ்கி. சேகரிப்பாளர்கள் வடிசாலையின் பெயரையும், அது இன்னும் இயங்குகிறதா என்பதையும், முத்திரை, பெட்டி, திரவ மட்டம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். மட்டம் தோளுக்கு இறங்கியிருப்பது தக்கை வழியே கசிந்ததன் அடையாளம். விலையும் அதற்கேற்பக் குறையும். மேலும் தமிழ்நாட்டில் உரிமமின்றி மது விற்பது குற்றமாதலால், அதை இங்கே நீங்கள் விற்கவும் முடியாது. ஆகவே அதன் மதிப்பு அருந்துவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

திறக்குமுன் புட்டியைச் சற்றே சாய்த்துத் தக்கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பழைய தக்கை நொறுங்கிவிடும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிது ஊற்றி, உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றுங்கள், ஏனெனில் குளிர்ந்த விஸ்கி மணத்தை அடக்கிக்கொள்ளும். நிறத்தைப் பார்த்து முதிர்ச்சியை எடை போடாதீர்கள். ஸ்காட்லாந்து விதிகள் கேரமல் நிறமூட்ட அனுமதிக்கின்றன. வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். உலர்திராட்சை, வால்நட், பழைய மரம் என மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் மிடறு தண்ணீரின்றி. பிறகு சில சொட்டுகள் சேர்த்துப் பாருங்கள். விழுங்கிய பின்பும் நாக்கில் சுவை நெடுநேரம் தங்கினால் நல்ல சரக்கு. வெறும் மரத் துவர்ப்பே மிஞ்சினால் பீப்பாயின் மரச் சுவை மிகுதியாக ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

மீதியைச் சிறிய புட்டிக்கு மாற்றி, காற்றுக்கு இடமின்றி மூடி, நிமிர்த்தியே வையுங்கள்.