ஊன்றுகோலோடு நடக்கும், ஆண்களை விரும்பும் ஓர் இளைஞன் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வாழ முடியுமா?

முடியும் தம்பி. நானும் ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), பிறவியிலேயே பலமில்லாத கால்களோடு, ஆண்கள்மீது ஈர்ப்போடு வளர்ந்தவன்தான்.

இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், இரண்டும் சேரும் இடம்தான். அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள், எனக்கு யாரும் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த உடம்புக்கு ஆசையே இருக்காது என்று வீடே முடிவுகட்டிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். அது ரொம்ப வலிக்கும். அப்புறம், மறைவு என்பதே கிடையாது. ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கிறோம். மழையில் வழுக்கும் படிகளில் ஏறி ரோட்டுக்குப் போகவே ஒருவர் கை வேண்டும், யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை அவரிடம் எப்படி மறைப்பது? "கொழும்புக்குப் போய்விடு" என்ற யோசனை நம் நிலைமையைப் பார்த்துச் சொல்வதல்ல.

சட்டத்தில், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஒரே பாலினத்தவரின் பாலுறவுச் செயலைத்தான் குற்றமாக்குகின்றன, ஈர்ப்பை அல்ல. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் அது நிறைவேறவில்லை. ஊனத்தைக் காட்டி வேலையோ படிப்போ மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

அதனால் முதலில் சொந்தமாக ஒரு வருமானம் தேடுங்கள். வீட்டில் சொல்வது அப்புறம் இருக்கட்டும். மனம் தாங்காத நாளில் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.