பின்குறிப்பில் வந்த பாட்டி

வணக்கம் ஐயா,

அடுத்த பொதுத் தேர்தலில்தான் நான் முதல் ஓட்டு போடப்போகிறேன். மலேசிய இந்தியர்களின் உரிமை பற்றி ஒவ்வொரு கூட்டணியும், எங்கள் தொகுதியில் நிற்பார்கள் என்று பேசப்படுகிறவர்களும் இதுவரை சொன்னதையெல்லாம் திரட்டி ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான மித்ரா நிதி, தோட்டப்புற வீட்டுடைமை, பல்கலைக்கழக இடம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இணைப்பில் பாருங்கள். யாருடைய நிலைப்பாடு நமக்குச் சாதகம்? யாரை ஆதரிக்கச் சொல்வீர்கள்?

பி.கு.: வீட்டில் நான்கு ஓட்டு. பாட்டிக்கு மட்டும் இல்லை, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாமல் இங்கே நிலையாக வாழ்பவரின் அடையாள அட்டை).

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

அட்டவணையைப் பார்த்தேன். கலர் எல்லாம் அடித்து நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறீர்களே, சந்தோஷம். யாருக்கு ஓட்டு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல உங்கள் ஊரில் கோப்பிக்கடைக்கு நாலு பேர் இருப்பார்கள்.

மித்ராவை விடுங்கள். ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) என்பார்கள், அது யாருக்குப் போனது என்று சண்டை போடுவார்கள், அடுத்த பட்ஜெட் வந்துவிடும். தமிழ்ப்பள்ளிக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டு சுங்கை சிப்புட்டில் யாராவது மேடையிலிருந்து இறங்க முடியுமா? நம்மவரா என்ற கேள்விக்கும் உங்கள் ஊரில் வேலையில்லை. எம்.பி.யாக இருந்தவர்களைப் பாருங்கள்: துன் சம்பந்தன், அப்புறம் சாமிவேலு, 2008இல் அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார், 2018 முதல் கேசவன். எல்லாரும் நம்மவர்கள்தான். வீட்டுடைமை நியாயமான கேள்வி. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

என்னை எழுத வைத்தது உங்கள் பின்குறிப்பு. போன மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குடிமக்களின் நீல ஐசி, பெண்ணுக்குச் சிவப்பு. "பதிவு பண்ணியாச்சா?" என்று கேட்டேன். "பண்ணலாங்கய்யா, என்ன அவசரம்" என்றான். அன்றிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

என் அத்தைக்கும் சிவப்பு ஐசிதான். உங்கள் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. சுதந்திரம் வந்த பிறகு ஓராண்டுக்கு, மலாய்மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி இருந்தது. ஆனால் அதற்கு டவுனுக்குப் போக வேண்டும், அன்றைய கூலி போய்விடும். தோட்டத்துக்குள்ளேயே பிறந்து தோட்டத்துக்குள்ளேயே பால் வெட்டுகிறவருக்கு எந்த நிற அட்டையாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் உறைத்தது. எத்தனையோ குடும்பங்கள் பினாங்குக்குப் போய் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறின. அத்தை ஏறவில்லை. "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்பார்.

தேர்தல் நாள் வந்தால் அவர்தான் முதலில் குளித்து, நல்ல சேலை கட்டி, கட்சி வேனில் ஏறி உட்காருவார். பள்ளிக்கூட வாசலில் நின்று லயத்துக் கைக்குழந்தைகளை வாங்கி வைத்துக்கொள்வார், தாய்மார்கள் உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரட்டும் என்று. ஒருமுறை வேட்பாளரே வந்து கும்பிட்டார். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு அத்தை, "எனக்கு ஓட்டு இல்லீங்க" என்றார். கும்பிட்ட கையை இறக்காமலே அவர் பக்கத்து அம்மாளிடம் திரும்பிவிட்டார். பாவம், அவருக்கும் அவசரம்.

வயதான பிறகு குடியுரிமை நேர்காணலுக்கு நான்தான் அழைத்துப் போனேன். வேலை வாங்கும் மண்டோரோடும் சீனன் கடைக்காரரோடும் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய மலாய் அவருடையது. எதிரே இருந்தவர் புத்தக மலாயில் கேட்டார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக்கூடாதாம். சிவப்பு ஐசியோடுதான் போய்ச் சேர்ந்தார்.

சரி, இது பழைய கதை என்று நினைக்கிறீர்களா? 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் அரசமைப்புத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாயும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்றது. நல்ல திருத்தம், பல வருடப் போராட்டம், எல்லாரும் கைதட்டினோம். அதே மசோதாவில் இன்னொன்றும் இருந்தது. அதுவரை, இங்கே பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும், பிள்ளை குடிமகன். அதிலிருந்து நிரந்தரவாசியை எடுத்துவிட்டார்கள். நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு ஐசிக்காரர்.

இப்போது அந்தக் கோயில் ஜோடியைப் பாருங்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிந்தால்தான் சட்டத்தில் செல்லும், தாலி மட்டும் போதாது. பதியாமல் பிள்ளை பிறந்தால் அதன் குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தாய்க்குச் சிவப்பு என்றாலும் பழைய சட்டத்தில் பிள்ளை தப்பித்தது. திருத்தப்படி தப்பாது. வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று நிரூபித்தால் வழியுண்டு என்பார்கள். அதற்குக் கோர்ட், வக்கீல், வருடங்கள். லயத்துப் பிள்ளைக்கு யார் செலவழிப்பது?

அந்த மசோதாவில் கண்டெடுத்த குழந்தைகளைப் பாதிக்கும் பகுதியும் முதலில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆக, சத்தம் போட்டால் எடுக்கிறார்கள். சிவப்பு ஐசிக்காரர் பகுதி அப்படியே நின்றது. ஆதரவு 206, எதிர்ப்பு 1. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று நீங்கள் ஆளுக்கொரு கலர் அடித்திருக்கிறீர்களே, அன்றைக்கு எல்லாரும் ஒரே கலர்தான் தம்பி. உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. உங்கள் பாட்டியை நீங்களே பின்குறிப்பில் போட்டால் வேட்பாளர் எங்கே போடுவார்?

கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, ஒரு காரியம் செய்யுங்கள். 2018இல் இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலை நூறு நாளில் தீர்ப்போம் என்று பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வாக்குக் கொடுத்து ஜெயித்தது. 60 வயதைத் தாண்டிய 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அப்போதைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். அதில் பாட்டி ஏன் வரவில்லை? யாராவது விசாரித்தீர்களா? முதலில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை, பள்ளியில் பெயர் பதிந்த தாள் என்று எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்ப நான் இருக்கிறேன்.

அப்புறம் அட்டவணை. ஆறாவது கட்டம் ஒன்று சேருங்கள். வேட்பாளர்கள் வரும்போது, நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் விஷயத்தைத் திரும்ப நாடாளுமன்றத்தில் எழுப்புவீர்களா என்று மைக்கில் கேளுங்கள், தனியாக அல்ல. "பார்ப்போம், பேசுவோம்" என்று சொன்னால் பூஜ்யம் போடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி அனுப்பினால் இங்கேயே பெயர் போட்டு வெளியிடுகிறேன்.