சுருளில் எழும் மின்னழுத்தம்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வர்த் மாணவி: ஐயா, பக்கம் 10 செ.மீ. உள்ள 50 சுற்றுச் சதுரச் சுருளின் பரப்பை 0.2 டெஸ்லா காந்தப்புலம் செங்குத்தாகக் கடக்கிறது. அப்புலம் 0.1 நொடியில் சீராகக் குறைந்து சுழியானால் மின்னழுத்தம் எவ்வளவு? எனக்கு 10,000 வோல்ட் வருகிறது.

பதில்: பரப்பை 100 என்றே எழுதிவிட்டீர்கள், அம்மா. 100 சதுர சென்டிமீட்டர் என்பது 0.01 சதுர மீட்டர். ஒரு சுற்றைக் கடக்கும் பாயம், அதாவது புலத்தைப் பரப்பால் பெருக்கிய அளவு, 0.2 × 0.01 = 0.002 வெபர், அதை 50 சுற்றால் பெருக்கி 0.1 நொடியால் வகுத்தால் கிடைப்பது 1 வோல்ட். 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதியில் புலத்தின் அளவுக்கு அல்ல, பாயம் மாறும் வேகத்துக்கே இடம் உண்டு.

அதே மாணவி: அந்த விதியில் வரும் கழித்தல் குறியை விட்டுவிடலாமா?

பதில்: அளவு மட்டும் கேட்டால் விடலாம். தூண்டப்படும் மின்னோட்டம் பாயத்தின் மாற்றத்தை எதிர்க்கும் திசையில் ஓடும் என்பதையே அக்குறி சொல்கிறது.

ஃபீனிக்ஸ் மின்பணியாளர்: 10 ஆம்பியர் ஓடும் கேபிளின் அருகே 100 சுற்றுச் சிறு சுருளை வைத்தும் மீட்டர் அசையவில்லை, அண்ணே.

பதில்: கேபிளுக்குள் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே செல்வதால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரே கம்பியில் மாட்டுவதும் இதனால்தான். தனிக் கம்பியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் புலம் 20 மைக்ரோடெஸ்லா. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 4 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உங்கள் சுருளைச் சரியான திசையில் பிடித்தாலும் ஏறக்குறைய கால் மில்லிவோல்ட்தான் எழும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை: புவியின் புலத்தைக் கொண்டே செய்துகாட்ட விரும்புகிறேன். சென்னையிலிருந்து கொண்டுவந்த குறிப்பேடு, சுருளை வடக்கு நோக்கி நிமிர்த்தி வைக்கச் சொல்கிறது.

பதில்: அந்தக் குறிப்பு சென்னைக்குச் சரி. தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருக்கிறது. இங்கேயோ அது தரையிலிருந்து செங்குத்தாய் மேலெழுவதுபோல் மிகவும் சாய்ந்திருப்பதால், சுருளை மேசைமேல் படுக்க வைத்துத் தலைகீழாகப் புரட்டுங்கள். செங்குத்துக் கூறை 25 மைக்ரோடெஸ்லா என்று கொள்வோம். புரட்டும்போது பாயம் திசை மாறுவதால் மாற்றம் இருமடங்கு. 200 சுற்றும் 0.02 சதுர மீட்டர் பரப்பும் உள்ள சுருளை 0.1 நொடியில் புரட்டினால் சராசரியாக 2 மில்லிவோல்ட் எழும். எண் காட்டும் மீட்டர் இவ்வளவு குறுகிய துடிப்பைத் தவறவிடக்கூடும். சிறு மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் பழைய கால்வனாமீட்டர் பள்ளி அலமாரியில் கிடந்தால் அதையே எடுங்கள்.