அந்த 300 மில்லி விநாடி எங்கே போகிறது?

கேள்வி: கல்லூரியில் கியூப்சாட் (கனசதுர வடிவச் சிறு செயற்கைக்கோள்) செய்கிறோம். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில் ஓடும் எங்கள் திசைக் கட்டுப்பாட்டு டாஸ்க் (தனியாக ஓடும் நிரல் பகுதி) 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். சென்சார் தரவைத் திரட்டும் டெலிமெட்ரியும் படச் சுருக்கமும் சேர்ந்து ஓடினால் எப்போதாவது 300 வரை தாமதமாகி வாட்ச்டாக் (உரிய நேரத்தில் புதுப்பிக்காவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யும் டைமர்) ரீசெட் செய்துவிடுகிறது. சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும் ஐ2சி பஸ்ஸை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்த, பைனரி செமாஃபோர் என்ற பூட்டைப் போட்டிருக்கிறோம். வேகமான பிராசசருக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம், காசு மிச்சம். முதலில் ஒரு கணக்கு. 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் ஒரு பைட்டுக்கு 9 கிளாக், அதாவது 90 மைக்ரோ விநாடி. டெலிமெட்ரி 100 பைட் படித்தாலும் 9 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆக, நேரத்தைத் தின்பது பஸ் இல்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு யாரோ சும்மா நிற்கிறார்கள்.

நடப்பது இதுவாகத்தான் இருக்கும்: தாழ்ந்த முன்னுரிமையுள்ள டெலிமெட்ரி பூட்டை எடுக்கிறது. நடு முன்னுரிமையில் இருக்கும் படச் சுருக்கம் குறுக்கே புகுந்து சிபியுவைப் பிடுங்கிக்கொள்கிறது. டெலிமெட்ரியால் பூட்டை விட முடியவில்லை. எல்லோருக்கும் மேலே இருக்கும் கட்டுப்பாட்டு டாஸ்க் காத்துக் கிடக்கிறது. ப்ரியாரிட்டி இன்வர்ஷன் என்பது இதுதான். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதனால்தான். அங்கே பூட்டை வைத்திருந்தது வானிலைத் தரவு டாஸ்க். பூமியில் இருந்த நகலில் பிரச்சினையை மறுபடி வரவழைத்துப் பார்த்து, அந்த மியூடெக்ஸில் (இன்னொரு வகைப் பூட்டு) முன்னுரிமைப் பரம்பரையை, அதாவது பூட்டை வைத்திருக்கும் டாஸ்க்குக்கு அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதை, இயக்கும்படி இங்கிருந்தே மாற்றம் அனுப்பினார்கள். ஏவும் முன்பே அந்த ரீசெட் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது பிடிபடவில்லை. எனவே உங்கள் 'எப்போதாவது' என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூடெக்ஸுக்குத்தான் முன்னுரிமைப் பரம்பரை உண்டு, பைனரி செமாஃபோருக்குக் கிடையாது. மாற்றுங்கள். படச் சுருக்கத்துக்குக் கெடு எதுவும் இல்லையே, அதை எல்லாவற்றுக்கும் கீழே தள்ளுங்கள். டெலிமெட்ரி எல்லா சென்சாரையும் ஒரே பூட்டில் படிக்காமல், ஒரு சென்சாரைப் படித்ததும் பூட்டை விடட்டும். ஒவ்வொரு ஐ2சி அழைப்புக்கும் டைம்அவுட் வையுங்கள். டேட்டா லைனைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு சென்சார் உறைந்துபோனால் 9 கிளாக் துடிப்பு கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.

லூப்பில் டாஸ்க் டிலே (இப்போதிலிருந்து இவ்வளவு நேரம் காத்திரு என்பது) போட்டிருந்தால் வேலை செய்யும் நேரமும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றும் நழுவும். முந்தைய தொடக்கத்திலிருந்து கணக்கிடும் டிலே அன்டில் பயன்படுத்துங்கள். செயற்கைக்கோளைத் திருப்பும் காந்தச் சுருள் இருந்தால் அதை அணைத்து, காந்தப் புலம் அடங்கியபின்தான் மேக்னட்டோமீட்டரை (காந்தப் புலத்தை அளக்கும் சென்சார்) படிக்க வேண்டும். நழுவும் லூப்பில் அந்த வரிசை குலைந்தால், சொந்தச் சுருளின் புலத்தையே பூமியின் புலம் என்று நம்பிவிடும்.

வாட்ச்டாக் நேரத்தை நீட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். டைமர் இன்டரப்டில் அதைப் புதுப்பிப்பதும் வீண். டாஸ்க்குகள் எல்லாம் செத்தபின்னும் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் 'நான் ஓடிவிட்டேன்' என்று தன் கொடியை உயர்த்திய பிறகே புதுப்பியுங்கள்.

மாற்றியபின், கட்டுப்பாட்டு டாஸ்க் தொடங்கும்போது பிராசசரின் ஒரு பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடியும்போது தாழ்த்துங்கள். அந்த மாற்றங்களை நேரத்தோடு பதிவு செய்யும் லாஜிக் அனலைசரை மாட்டி, எல்லாச் சுமையோடும் ஒரு சுற்றுப்பாதை நேரம், சுமார் 90 நிமிடம், ஓட விடுங்கள். சராசரியை விடுங்கள், மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.