சும்மா கிடக்கும் போர்டை ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குக் கொடுப்பது எப்படி? – கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் லினக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இருக்கிறவர்களிடம், போர்டை (சிப்புகள் பொருத்திய சின்னக் கணினிப் பலகை) ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள் திட்டங்களுக்கு, கொடுப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பரங்குன்றம் பக்கம் பொறியியல் முடித்த ஒருவர்: அண்ணே, புராஜெக்ட் முடிந்து ஒரு ராஸ்பெர்ரி பை 3, இரண்டு ஆர்டுயினோ ஊனோ மிச்சம் இருக்கிறது. டெபியன் லினக்ஸ் திட்டத்துக்கு அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம் தம்பி. பை 3 வந்தது 2016-இல். அதில் வேலை செய்கிற டெவலப்பர்களிடம் ஏற்கெனவே அது இருக்கும். ஒரு போர்டு ஒரு திட்டத்துக்கு உதவ வேண்டுமென்றால் அதை எடுத்து வேலை செய்ய அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவரிடம் அது இல்லாமல் இருக்க வேண்டும், வெளியில் ஜனங்கள் அதை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஆள்தான் முதல். திட்டத்தின் பெயருக்கு அனுப்பிய போர்டு அலமாரிக்குப் போகும், ஓர் ஆளைக் கேட்டு அவருக்கு அனுப்பிய போர்டு மேசைக்குப் போகும். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் இதைத் தெளிவாகவே செய்கிறது. எந்தப் பொருள், எந்த ஊரில் இருக்கும் டெவலப்பருக்குத் தேவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பட்டியல் இல்லாத திட்டமென்றால், அந்தச் சிப் சம்பந்தமாகக் கடந்த ஒரு வருடத்தில் யார் பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு நாலு வரி மெயில் எழுதுங்கள்: போர்டின் பெயர், ரிவிஷன் எண், நிலைமை, உங்களுக்கு வேண்டுமா. பதில் வந்த பிறகுதான் பார்சல்.

உங்கள் பை 3-ஐ ஜூனியர் ஒருவருக்கோ ஊர்ப் பள்ளிக்கோ, எஸ்டி கார்டு, அடாப்டரோடு ஓடுகிற நிலையில் கொடுங்கள். அங்கே அதற்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

உசிலம்பட்டியில் பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பவர்: வாடிக்கையாளர்கள் மாற்றிக்கொண்ட பழைய வைஃபை ரவுட்டர் ஒரு மூட்டை இருக்கிறது. ரவுட்டருக்கான லினக்ஸ் செய்யும் ஓப்பன்டபிள்யுஆர்டி ஆட்களுக்கு உதவுமா?

மூட்டை உதவாது, அதற்குள் இருக்கும் ஒன்றிரண்டு உதவலாம். ஒவ்வொன்றையும் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் எண் இருக்கும். பலர் மாடல் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள், அது போதாது. டிபி-லிங்கின் 841என் ரவுட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 11-ஆம் வெர்ஷனில் குவால்காம் சிப், 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பு மெமரி), 32 எம்பி ராம். 13-ஆம் வெர்ஷனில் மீடியாடெக் சிப், 8 எம்பி, 64 எம்பி. டெவலப்பருக்கு இரண்டும் வேறு வேறு சாதனம்.

4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ளவற்றுக்கு ஓப்பன்டபிள்யுஆர்டி 19.07 பதிப்புதான் கடைசி. இன்று தொந்தரவில்லாமல் ஓட 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராமாவது வேண்டும். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அதன் புதிய சிப்புகள் பலவற்றுக்குத் திறந்த டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) கிடையாது. மிச்சமிருப்பதை அவர்களுடைய சாதன அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மெமரி போதுமானதாக இருந்து, அதே வரிசைச் சிப் ஏற்கெனவே ஓடி, இந்த மாடல் மட்டும் அட்டவணையில் இல்லையென்றால் நீங்கள் தேடியது அதுதான். அதில் இரண்டு எடுத்து வையுங்கள். ஒன்று டெவலப்பருக்கு, மற்றது உங்களுக்கு. அவர் தரும் சோதனை ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றிப் பார்த்துச் சொல்ல உள்ளூரில் ஒருவர் இருப்பது அவருக்குப் பெரிய பலம்.

கொடுக்கும் முன் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பழைய அமைப்பு அழிந்ததா என்று உள்ளே நுழைந்து பாருங்கள். அழியவில்லையென்றால் வாடிக்கையாளரின் இணைப்புப் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் சிறு நிறுவனத்தார்: ஆர்ம் சிப் போட்டு லினக்ஸ் ஓடும் போர்டு நாங்களே டிசைன் செய்கிறோம். சிப் விற்றவர்கள் கொடுத்த 4.9 கர்னலிலேயே (லினக்ஸின் மையப்பகுதி) நிற்கிறோம். கர்னல் டெவலப்பர்களுக்குப் பத்து போர்டு அனுப்பினால் புதிய கர்னலில் ஆதரவு கிடைக்குமா?

4.9-க்கான பராமரிப்பு 2023 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதனால் நீங்கள் இதை இப்போது யோசிப்பது ரொம்ப நல்லது. ஆனால் போர்டு அனுப்பினால் அவர்கள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதி பேட்ச் அனுப்ப வேண்டியது உங்கள் இன்ஜினியர். போர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் அதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார். நாளைக்கு வேறு யாரோ கிளாக் டிரைவரில் கை வைத்து உங்கள் போர்டு பூட் ஆகாமல் போனால், முதலில் கவனிப்பவரும் அவர்தான். நீங்கள் அனுப்பும் போர்டின் உண்மையான பயன் இந்தக் காவல்தான்.

பத்து வேண்டாம், மூன்று போதும். கர்னல் மூலத்தோடு மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு வரும். உங்கள் சிப் குடும்பத்தைப் பார்ப்பவர் பெயர் அதில் இருக்கும். அவருக்கு ஒன்று, யு-பூட் (கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) பக்கத்தில் அதே சிப்பைப் பார்ப்பவருக்கு ஒன்று, அவர்கள் சரி என்றால் மட்டும். மூன்றாவதை உங்கள் பட்டறையிலேயே மாட்டி வையுங்கள். கர்னல்சிஐ என்ற திட்டம் புதிய கர்னல்களைத் தொடர்ந்து கம்பைல் செய்து, உலகம் முழுக்கப் பல லேப்களில் உள்ள போர்டுகளில் பூட் செய்து பார்க்கிறது. அந்த லேப்களில் ஒன்று கப்பலூரில் ஏன் இருக்கக்கூடாது? எனக்கு இது நிறைவேற வேண்டும் என்று நிஜமாகவே ஆசை.

அப்புறம், பெட்டியில் என்ன போகிறது என்பதில் கவனம் வேண்டும். சீரியல் கன்சோல் (போர்டு சொல்லும் செய்திகளைக் கேபிள் வழியாகப் பார்க்கும் வசதி) இல்லாத போர்டைக் கொடுத்தால், இருட்டறையில் சாமான் தேடச் சொல்வது போலத்தான். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற மூன்று பின்னையும் சால்டர் செய்தே அனுப்புங்கள். பக்கத்திலேயே எது எது என்று மார்க்கரால் எழுதுங்கள். மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா, வேகம் 115200-தானா என்று ஒரு தாளில் குறியுங்கள். 1.8 வோல்ட் பின்னில் 3.3 வோல்ட் கேபிளைச் செருகினால் சிப் போய்விடலாம். பவர் ஜாக்கின் அளவையும், நடுமுனை பாசிட்டிவா என்பதையும் எழுதுங்கள். ஸ்கிமாட்டிக்கை (சர்க்யூட் வரைபடம்) ஒப்பந்தக் கையெழுத்து எதுவும் கேட்காமல் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், செக்யூர் பூட் ஃபியூஸ் எரித்த, அதாவது உங்கள் சாவியால் நிரந்தரமாகப் பூட்டிய போர்டை அனுப்பாதீர்கள். உங்கள் சாவி இல்லாமல் அவர் எழுதிய பூட்லோடர் அதில் ஏறவே ஏறாது. அந்த ஃபியூஸைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது.

செல்லூரிலிருந்து ஒரு மாணவி: என்னிடம் ரிஸ்க்-ஃபைவ் (திறந்த சிப் வடிவமைப்பு) போர்டு ஒன்று இருக்கிறது. கொடுத்துவிட மனசில்லை, ஆனால் உதவ ஆசை. தூரத்திலிருந்து பயன்படுத்த விடலாமா அண்ணே?

தாராளமாக விடலாம்மா. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல்தான் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. தங்கள் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்க்க வழியில்லாத சிறு திட்டங்கள் நிறைய இருக்கின்றன. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மட்டும் போதாது. போர்டு தொங்கிவிட்டால் பவரை நிறுத்திப் போட ஒரு ரிலே, பூட் ஆவதைப் பார்க்க சீரியல் கேபிள், இரண்டையும் பிடிக்க ஒரு பழைய கணினி வேண்டும். நம் வீட்டு இணைப்புகளில் தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக வந்து சேரும் இணைய முகவரி) பெரும்பாலும் கிடைக்காது. வெளியில் ஒரு சின்ன சர்வர் வைத்து வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் இணைப்பதுதான் வழி. வீட்டு வைஃபையில் போர்டைக் கலக்காமல் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் போடுவார்கள் இல்லையா, அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

வடபழஞ்சியில் வேலை பார்ப்பவர்: கம்பெனியில் தூசி படிந்து கிடக்கும் எவால்யுவேஷன் கிட்டை (சிப் நிறுவனங்கள் சோதித்துப் பார்க்கத் தரும் போர்டு) கொடுக்கலாமா?

கம்பெனி எழுத்தில் சம்மதம் தராமல் தொடாதீர்கள். சில கிட்களின் உரிமத்திலேயே கைமாற்றக் கூடாது என்றிருக்கும், அதையும் படியுங்கள்.

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியை: ஜெர்மனியில் இருக்கும் டெவலப்பர் ஒருவர் என் போர்டை வாங்கிக்கொள்கிறேன் என்றார். பார்சலில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ஸ்டேடிக் தடுக்கும் கவர், அதற்கு மேல் ஃபோம், அப்புறம் கெட்டியான அட்டைப்பெட்டி. லித்தியம் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள், விமானத்தில் போகும் பார்சலில் அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நம் ஊர்ப் பிளக் வைத்த அடாப்டர் அங்கே செருகாது, வேண்டாம். கஸ்டம்ஸ் படிவத்தில் பயன்படுத்திய கணினி போர்டு, அன்பளிப்பு என்று விவரமாக எழுதி, உண்மையான இன்றைய மதிப்பைப் போடுங்கள். பூஜ்யம் போட்டால் சந்தேகம்தான் வரும். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி இல்லை. அதற்கு மேல் போனால் வாங்குகிறவர் கட்ட வேண்டியிருக்கும். அதை அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புவதுதான் மரியாதை.

ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், அண்ணாநகர்: நல்ல போர்டு ஒன்றைக் கொடுத்தேன். கிடைத்தது என்றார்கள், பல மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. கேட்கலாமா தம்பி?

கேட்கலாம் ஐயா, ஆனால் "எப்போது முடியும்" என்று கேட்காதீர்கள். அவர்களும் பெரும்பாலும் வேலை நேரம் போக ராத்திரியில் உட்கார்கிறவர்கள். "உங்களுக்கு நேரம் இல்லையென்றால் வேறு யாருக்காவது கைமாற்ற முடியுமா" என்று கேளுங்கள். அதில் மனஸ்தாபம் வராது. அடுத்த முறை கொடுக்கும்போதே இந்த வார்த்தையைச் சேர்த்துவிடுங்கள்.

பலர்: நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை உண்டா? ஓடாத போர்டைக் கொடுக்கலாமா?

பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி கிடையாது. ஓடாத போர்டு வேண்டாம், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து ஒருவர்: எனக்கு புரோகிராமிங் தெரியாது. புதிதாக ஒரு போர்டு வாங்கி அனுப்பவா, பணமாகக் கொடுக்கவா?

பணம் நல்லது. கூரியர் செலவு, வரி இரண்டும் மிச்சம். தனக்கு எந்த ரிவிஷன் வேண்டும் என்று டெவலப்பருக்குத்தான் தெரியும், அவர் ஊரிலேயே வாங்கிக்கொள்வார். டெபியனுக்கு எஸ்பிஐ (Software in the Public Interest, நம் ஊர் வங்கி இல்லை) என்ற அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்பு பணம் வாங்கிக் கணக்கு வைக்கிறது. அது போன்ற ஏற்பாடு இல்லாத சின்னத் திட்டமென்றால், டெவலப்பரிடம் நேரடியாகக் கேளுங்கள். அந்த போர்டு நம் ஊரில்தான் மலிவு என்று அவரே சொன்னால் மட்டும் இங்கே வாங்கி அனுப்புங்கள்.