செட்டர் எப்போது ஓடலாம்? வாலிபால் சந்தேகங்கள்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் சாயங்காலம் வாலிபால் ஆடும் பையன்கள் நாங்கள். போன வாரம் கீழே சேலத்தில் ஒரு மேட்ச். எதிரணி சர்வீஸ் போடும்போது எங்கள் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்) பின்னாலிருந்து வலைக்கு ஓடினான், ஃபவுல் என்று விசில் ஊதிவிட்டார்கள். அவர்கள் செட்டர் மட்டும் முழு நேரமும் வலையோரமே நின்றார், அவருக்கு ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வந்தவன் என்றால் இளக்காரமா?

பதில்: கோபம் புரிகிறது தம்பி, ஆனால் நடுவர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ரொட்டேஷன் விதி, அதாவது ஆட்கள் வரிசையாக இடம் மாறிச் சுற்றும் விதி, ஆட்டம் முழுக்க யாரையும் ஓரிடத்தில் கட்டிப்போடுவதில்லை. எதிரணி ஆள் சர்வீஸ் அடிக்கும்போது அவர் கை பந்தில் படுகிறதே, அந்த ஒரு நொடியில் நீங்கள் வரிசைப்படி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வலையைப் பார்த்து நில்லுங்கள். பின்வரிசை வலது மூலை 1, அதற்கு முன்னால் 2, முன்வரிசை நடு 3, இடது 4, அதற்குப் பின்னால் 5, பின்வரிசை நடு 6. எதிரணி சர்வீஸில் நீங்கள் பாயின்ட் எடுத்தால் எல்லோரும் கடிகார முள் சுற்றும் பக்கம் ஓரிடம் நகர்வீர்கள், 2-இல் இருந்தவர் 1-க்கு வந்து சர்வீஸ் போடுவார். உங்கள் சர்வீஸிலேயே பாயின்ட் வந்தால் நகர வேண்டாம், அதே ஆள் தொடரலாம்.

இப்போது உங்கள் செட்டர் 1-இல் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் 2-ஐத் தாண்டி முன்னால் போகக்கூடாது, 6-ஐத் தாண்டி இடது பக்கம் போகக்கூடாது. 3, 4, 5 எங்கே நின்றாலும் அவனுக்குக் கவலையே இல்லை. அதனால் விவரமான அணிகள் என்ன செய்யும் என்றால், 2-ஐ வலையை ஒட்டி நிறுத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் செட்டரை ஒளித்து வைக்கும். பந்து அடிபட்டதும் இரண்டே எட்டில் வலைக்கு வந்துவிடலாம். உங்கள் ஆள் கொஞ்சம் முந்திவிட்டான். அவர்கள் செட்டர் அந்த நேரம் முன்வரிசையில் இருந்திருப்பார், ஆறு சுற்றில் மூன்று சுற்று அப்படித்தான் வரும். (முழு நேரமும் நின்றார் என்கிறீர்கள், தோற்றுவிட்டு வரும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றும்.)

அப்புறம் ஒன்று. ஓடி வந்துவிட்டதால் அவன் முன்வரிசை ஆள் ஆகிவிட மாட்டான். அந்த பாயின்ட் முடியும் வரை பின்வரிசைதான். வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்குள் நின்று, வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிட்டால் ஃபவுல், எழும்பி பிளாக் செய்தாலும், அதாவது எதிரணி அடியை வலையோரம் கையால் தடுத்தாலும் ஃபவுல். ஊர் மேட்ச்களில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

கேள்வி: பள்ளி ஆட்டத்தில் என் மகள் தன் முறை இல்லாமல் சர்வீஸ் போட்டு 3 பாயின்ட் எடுத்தாள். அப்புறம் கண்டுபிடித்து மூன்றையும் அழித்துவிட்டார்கள். இது நியாயமா? – ஒரு அம்மா, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வருத்தம்தான், ஆனால் விதி அதுதான் அம்மா. தப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று ஸ்கோர் ஷீட்டில் தெரிந்தால் அதிலிருந்து எடுத்த பாயின்ட் எல்லாம் போகும், எதிரணிக்கு ஒரு பாயின்ட்டும் சர்வீஸும் கிடைக்கும். எங்கே தொடங்கியது என்று தெரியாவிட்டால் அழிக்க மாட்டார்கள், அந்த ஒரு பாயின்ட்டும் சர்வீஸும் மட்டும்தான் கைமாறும். ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் எழுதிக் கொடுக்கும் வரிசைதான் அந்த செட் முழுக்கக் கணக்கு. அடுத்த செட்டில் மாற்றிக்கொள்ளலாம். வரிசையில் குழப்பம் வந்தால் கேப்டன் நடுவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம், அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது.